நீ எண்ணிய பத்து

மூன்று நாளாகக் கையை விட்டு அந்த வாசனை போகமாட்டேன் என்கிறது. துணி சோப்பு போட்டுத் தேய்த்தேன், புளி வைத்துத் தேய்த்தேன், நேற்று மண்ணெண்ணெய் தொட்டும் துடைத்துப் பார்த்துவிட்டேன். சோறு பிசையும்போது திரும்ப வருகிறது. பழைய கிரீஸ் வாசனையை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பதினோரு வருடம் உன் வீட்டுப் பரணில் கிடந்த வாசனைதான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் உன் மகள் ஸ்டெல்லா வந்தாள். நீ போய் ஐம்பது நாள் ஆகிறது. அதற்குள் அவள் முகத்தில் உன் சாயல் கூடிவிட்டது, அதைப் பார்த்ததும் அவளைக் கட்டிக்கொண்டேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாதே. கையில் ஒரு நீளப் பொட்டலம் வைத்திருந்தாள். உன் பழைய பாலியஸ்டர் புடவையைக் கிழித்துச் சுற்றி, சணலால் மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டியிருந்தது.

"அம்மா ஆஸ்பத்திரில கீறப்பவே சொல்லிச்சி அத்த. பிரிக்காம உங்க கைலயே குட்த்துடணும்னு. நாந்தான் இருந்த பேஜார்ல மறந்துட்டேன்."

"இன்னாடி இது?"

"தெரியல அத்த. தூக்கனா கனமா கீது."

இரண்டாவது முடிச்சை அவிழ்த்தபோதே கைப்பிடி தெரிந்துவிட்டது. நம் கிரீஸ் கன், மாவு மெஷினுக்கு கிரீஸ் அடிக்கிற குழாய். நீயும் நானும் செங்கல்பட்டுக்குப் பேருந்து ஏறிப் போய்ச் சேர்ந்து வாங்கினோமே, அதேதான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாய்.

"உள்ள இன்னா அத்த?" என்று கேட்டாள்.

"பழைய கிரீஸுடி. வேற இன்னா இருக்கப் போவுது?"

காபி குடித்துவிட்டு அவள் கிளம்பிப் போனாள். எனக்கு அப்போது உன் மேல் பாசம்தான் பொங்கியது. சாகக் கிடக்கும்போதும் என் பொருளை நினைத்துத் திருப்பித் தரச் சொன்னாளே என்று அந்த இரும்புக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். என்னைப் போல ஒரு முட்டாள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

அந்தக் கடைக்காரர் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பெண்கள் வந்து கிரீஸ் கன் கேட்டதும் நமக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "வூட்டுக்காரர் வர்லியாம்மா?" என்றார். "அவரு எதுக்கு? மாவு மில்லு இவளுது. கிரீஸு அடிக்கப் போறதும் இவதான்" என்று நீதான் வெடுக்கென்று சொன்னாய். அவர் சிரித்துவிட்டு, பொறுமையாகவே சொல்லிக் கொடுத்தார். முன்பக்க மூடியைத் திருகிக் கழற்றி, குழாய்க்குள் காற்று நிற்காமல் கிரீஸை அடைக்க வேண்டும். மூடியை மாட்டிக் கைப்பிடியை அமுக்கினால் மூக்கு வழியாக வரும். பேரிங் தலையில் இருக்கும் சின்னக் குமிழைத் துடைத்துவிட்டு, அதில் மூக்கை அழுத்திப் பிடித்து, எண்ணி அமுக்க வேண்டும். நமக்குக் கொடுத்தது சிவப்பு கிரீஸ். "இது சூடு தாங்கும். வண்டிச் சக்கரத்துக்குப் போடுற மஞ்சள் கிரீஸ் இருக்கு பாருங்க, அத மட்டும் மில்லுக்குப் போட்டுடாதீங்க. வேகமா சுத்துற எடத்துல உருகித் தண்ணியா ஓடிடும்" என்று இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் நீ தலையாட்டினாய். ஆகவே தெரியாமல் செய்துவிட்டாய் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

மில் என் பிடிவாதம். என் வீட்டுக்காரர் அப்போது அணுமின் நிலைய டவுன்ஷிப் பேருந்துகளைக் கழுவும் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார். முன்னறையில் மெஷின் வைப்பதற்கே முனகினார். கிரீஸ் அடிப்பதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றதும், "மெஷினுக்குன்னு மெக்கானிக்கு இருக்கான்மே, உனுக்கு இன்னா தெரியும்?" என்றார். நான்கு வருடம் அந்த மெஷின் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. தினமும் சாயங்காலம் நிறுத்தியதும் பேரிங் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன், குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல. வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். அந்த நான்கு வருடமும் நான் நிமிர்ந்து நடந்தேன். அதை நீ பார்த்திருக்கிறாய்.

அமாவாசைக்கு அமாவாசை மில்லுக்கு விடுமுறை. மாவுத் தூசியெல்லாம் துடைத்து, மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பேன். கிரீஸ் கன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு நீ வருவாய். உங்கள் டிராக்டர் டிரெய்லருக்கும் அதே கன், அதே சிவப்பு என்பதால் அது உன் வீட்டில்தான் இருந்தது. நீ மூக்கைக் குமிழில் அழுத்திப் பிடிப்பாய், நான் கைப்பிடியை அமுக்குவேன். எண்ணுவது உன் வேலை. ஒரு பேரிங்குக்குப் பத்து, அதற்கு மேல் கூடாது. முடிந்ததும் மூக்கில் மிஞ்சியதை விரலால் வழித்து எங்கள் கேட்டுச் சக்கரத்துக்கும் என் மாமனாரின் மூன்று சக்கர நாற்காலிக்கும் தடவிவிடுவாய். கடைசியில் மோட்டாருக்கு ஒரு சந்தனப் பொட்டும் வைப்பாய். "மாதா கோயிலுக்குப் போறவ நானு. உங்க சாமிக்கு இன்னாத்துக்குடி நான் பொட்டு வெக்கிறேன்?" என்பாய். வைக்காமல் போனதும் இல்லை. நாஸ்தா சாப்பிடாமல் போனதும் இல்லை.

அந்த மகாளய அமாவாசையை இந்த மூன்று நாளில் நூறு தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். காலையில் வருகிறவள் அன்று மத்தியானம்தான் வந்தாய். "கிரீஸு கீதாடி?" என்று கேட்டேன். "ஃபுல்லா அடச்சி எட்த்தாந்துகீறேன்" என்றாய். வழக்கம்போல முதலில் பேப்பர் துண்டில் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். சிவப்பாக வந்தது. பிறகு இரண்டு பேரிங்குக்கும் அடித்தோம். நீ எண்ணினாய். பத்து என்றதும் நிறுத்தினேன். அடுத்ததற்கும் பத்து. மூக்கை நான் பார்ப்பதற்குள் துணியால் துடைத்து, துணியை இடுப்பில் செருகிக்கொண்டாய். கேட்டுக்கும் நாற்காலிக்கும் அன்று தடவவில்லை. "பாப்பாக்கு ஒடம்பு சுடுதுடி, நான் போறேன்" என்றாய். சாப்பிடவும் இல்லை. நான் உன் குழந்தைக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு நின்றேன்.

அப்புறம் எட்டாவது நாள். மறுநாள் ஆயுத பூஜை. வாசலில் தூக்குகளும் பைகளுமாக வரிசை நின்றது. பச்சரிசி, மிளகாய், கடலைப்பருப்பு என்று காலையிலிருந்து மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது. பதினோரு மணி இருக்கும். முதலில் ஒரு கீச்சு. நான் சுவிட்சை எட்டுவதற்குள் அலறல். பெல்ட் நின்று தேய்ந்து புகைய ஆரம்பித்தது, பேரிங் பக்கமிருந்து தீப்பொறி பறந்தது, அங்கே கிடந்த சாக்கு பிடித்துக்கொண்டது. மண்ணை வாரிப் போட்டு அணைத்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சுழலும் ஷாஃப்ட் அறுந்தாற்போல் தேய்ந்திருந்தது, அறை முழுக்கக் கருப்பு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷின் எரிந்தால் ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியாதா? பொரி கடலை வாங்கக் கடைக்குப் போனவர்கள்கூட எங்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மெக்கானிக் வந்தார். பேரிங்குக்குக் கீழே எண்ணெயாக ஒழுகிக் கிடந்ததைப் பார்த்தார். "ஓவரா அட்ச்சிக்கீறாங்க. உள்ள எடம் இல்லாம பேரிங்கோட ரப்பர் சீலப் பிச்சிகினு வெளிய தள்ளிட்ச்சி" என்றார். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது, பயம் வரவில்லை. ஏனென்றால் என்னிடம் சாட்சி இருந்தது. கூட்டத்தில் நீ நின்றிருந்தாய். "பத்துதான் அட்ச்சேன். இவதான் எண்ணினா. இவளயே கேளுங்க" என்றேன்.

அத்தனை பேரும் உன்னைப் பார்த்தார்கள்.

நீ தலைப்பை இழுத்துச் சரிசெய்தாய். "எண்ணிகினுதான் இருந்தேன்… பாப்பா நெனப்புல நடுவுல வுட்டுட்டேன் போல. எனுக்கு சரியா ஞாபகம் இல்லடி. நீ கொஞ்சம் அதிகமா அமுக்கிட்டியோ இன்னாவோ" என்றாய். சொல்லிவிட்டு வந்து என் தோளைக் கட்டிக்கொண்டாய். "வுடு, மெஷின்தானே. உனுக்கு ஒண்ணும் ஆவல, அது போதும்" என்றாய். உன் தோளில் சாய்ந்து நான் விம்மினேன். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொல்லைப்பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்த மூடியைத் திருகிக் கழற்றினேன். துணி போட்டுப் பிடித்தும் லேசில் வரவில்லை. திறந்ததும் அந்த வாசனை. உள்ளே வாய் ஓரத்தில் மட்டும் வளையம்போல் சிவப்பு ஒட்டியிருந்தது. நடுவெல்லாம் மஞ்சள். ஒரு குச்சியை அடிவரை விட்டு எடுத்துப் பார்த்தேன். அடிவரை மஞ்சள்.

எல்லாம் புரிந்துவிட்டது. டிரெய்லருக்கு உன் வீட்டுக்காரர் சிவப்பை அடித்துத் தீர்த்திருப்பார். டப்பாவும் காலி. செங்கல்பட்டுக்குப் போய் வாங்கிவர உனக்கு நேரம் இருந்திருக்காது, அமாவாசை வந்துவிட்டது. உங்கள் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் போடும் மஞ்சள் டப்பா வீட்டிலேயே இருக்கிறது. ஒரு தடவை போட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று அடைத்திருப்பாய். அது சோம்பல், அல்லது அவசரம். நானும் செய்யக்கூடியதுதான். அதற்காக உன்னை நான் இரண்டு நாள் திட்டியிருப்பேன், மூன்றாம் நாள் நீ கொண்டுவரும் மீன் குழம்பைச் சாப்பிட்டிருப்பேன். ஆனால் டப்பா ஓரத்தில் மிஞ்சியிருந்த சிவப்பை வழித்து, மஞ்சளுக்கு மேலே தோசைக் கனத்துக்குப் பூசினாய் பார். நான் பேப்பரில் ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். என் பழக்கம் தெரிந்த ஒருத்தி மட்டும்தான் அப்படிப் பூச முடியும். அதற்கு என்ன பெயர் வைக்கச் சொல்கிறாய்?

அதைக்கூட விடு. மெஷின் எரிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். என் காதுக்கு மட்டும் சொல்லியிருந்தால் ஊரிடம் நானே உன்னை மறைத்துக் காப்பாற்றியிருப்பேன். என்னை உனக்கு அவ்வளவுகூடத் தெரியாதா?

மில் பழைய இரும்புக்குப் போனது. வீட்டுக்காரர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "இனிமே எந்த மெஷின்லயும் நீ கை வெக்காத" என்று ஒரே வார்த்தையாகச் சொன்னார். நானும் வைக்கவில்லை. மிக்ஸி நின்றால்கூட அவர் வரும்வரை காத்திருந்தேன். ஊரில் எனக்கு ஒரு பெயரும் கிடைத்தது. குழாயடியில் யாராவது குடத்தை நிரம்ப வழியவிட்டால், "மில்லுக்காரி மாதிரி ஓவரா வுடாதடி" என்று சிரிப்பார்கள். ஒருநாள் நீயும் அங்கே நின்றிருந்தாய். நீ சிரிக்கவில்லை, அதை அப்போது பெருமையாக நினைத்தேன்.

மாமல்லபுரத்து ஹோட்டல் சலவைப் பிரிவில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நீதான். உன் ஒன்றுவிட்ட தம்பியிடம் சொல்லி, நீயே சதுரங்கப்பட்டினம் ஸ்டாப்பிங் வரை கூட வந்து பேருந்து ஏற்றிவிட்டாய். பதினோரு வருடமாக வெள்ளைக்காரர்கள் துடைத்துப் போட்ட துண்டுகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருக்கிறேன். கட்டுக்கு இருபது துண்டு. எண்ணிக் கட்டிவிட்டு, அவிழ்த்துத் திரும்ப எண்ணுவேன். "இன்னாம்மா, இருபது எண்றதுக்கு ரெண்டு தபாவா?" என்று சூப்பர்வைசர் பெண் கேலி செய்வாள். எண்ணினதை என்னால் நம்ப முடியாது. பத்து எண்ணத் தெரியாமல் வீட்டைக் கொளுத்தியவள் அல்லவா நான்! இந்த வேலைக்காக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உனக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன். நீயும் வாங்கிக் கட்டிக்கொண்டாய். அந்தப் பொட்டலத்தைச் சுற்றியிருந்ததும் நான் கொடுத்த புடவைதான் என்பதை நேற்றுத்தான் கவனித்தேன்.

மாதா மாதம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவாயே, இந்தப் பாவத்தையும் சாமியாரிடம் சொல்லியிருப்பாய். அவரும் மன்னித்திருப்பார். மில் அவருடையதா? எரிந்தது அவர் பெயரா? பக்கத்து வீட்டில் நான் உயிரோடு இருந்தேனடி. நடுவில் ஒரு முள்வேலிதான். ஆஸ்பத்திரிக்கு உனக்குக் கஞ்சி கொண்டுவந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல வாயெடுத்தாய். "அப்பறம் பேசிக்கலாம், தூங்கு" என்று நான்தான் சொன்னேன். அதை நினைத்து இரண்டு மாதம் நொந்துபோயிருந்தேன், கடைசிப் பேச்சைக் கேட்காமல் விட்டேனே என்று. இப்போது அதுவும் கசந்துவிட்டது. அதற்கு முன்னால் பதினோரு வருடம் உனக்கு வாய் இருந்தது. நீ பேசாமல், கடைசியில் ஒரு இரும்புக் குழாயைக் கட்டி உன் மகள் கையில் அனுப்புகிறாய். நான் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும், நானே புரிந்துகொள்ள வேண்டும், உன் முன்னால் கத்தக்கூட முடியாது. சௌகரியமான ஆள்தான் நீ.

ஸ்டெல்லாவிடம் நான் சொல்லவில்லை. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பெண் என்னை அத்தை என்று கூப்பிடுகிறது. எனக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றாவது கெடாமல் இருக்கட்டும் என்றுதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். குழாயைத் திறந்து காட்டினேன். விரலில் மஞ்சளைத் தொட்டு வெகுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப நீ பத்துதான் அட்ச்சிக்கீற" என்றார். ஆமாம் என்றேன். "இன்னாத்துக்கு அப்பவே சொல்லல?" என்று கேட்டார். எனக்கு எரிச்சலில் சிரிப்பு வந்துவிட்டது. அன்று தொண்டை கிழியச் சொன்னேனே, இவர் காதில் உன் பேச்சு மட்டும்தான் விழுந்திருக்கிறது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இப்போது எங்களிடம் இரண்டு மாடு இருக்கிறது, உனக்குத் தெரியும். தீவனம் வெட்டும் மெஷின் ஒன்று கொல்லையில் நிற்கிறது. அதற்கும் இரண்டு பேரிங், இரண்டு குமிழ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக் வந்து கிரீஸ் அடித்துவிட்டுப் போவார். நான் அதன் பக்கம்கூடப் போனதில்லை. நேற்று ஹோட்டலுக்கு லீவு சொல்லிவிட்டு செங்கல்பட்டுக்குப் போனேன். அதே கடை, இப்போது அவர் பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். சிவப்பு கிரீஸ் ஒரு டப்பா வாங்கினேன். வந்து உன் மஞ்சளையெல்லாம் குச்சியால் வழித்து எறிந்தேன். மண்ணெண்ணெய் விட்டுக் குழாயை மூன்று தரம் கழுவினேன். சிவப்பை அடிவரை நானே அடைத்தேன்.

இன்று காலையில் குமிழைத் துடைத்துவிட்டு மூக்கை அழுத்தினேன். பிடிக்க நீ இல்லாததால் கைப்பிடியை இடுப்பில் முட்டுக்கொடுத்துத்தான் அமுக்க முடிந்தது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். ஆறுக்கு மேல் ஓடவில்லை. எண்ணியது ஆறா ஏழா என்று தெரியவில்லை. கை நின்றுவிட்டது. நான் தப்பு செய்யவில்லை என்று மூன்று நாளாக எனக்குத் தெரியும். கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

பல் துலக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். தொட வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார். மூக்கை அவர் பிடித்துக்கொண்டார். "அந்தப் பக்கத்து பேரிங்குல மொதல்லேர்ந்து அடி" என்றார். அமுக்கினேன். அவர் எண்ணினார். பத்து என்றதும் நிறுத்தினேன்.

"பத்துதானே?" என்று கேட்டேன்.

"பத்துதான்" என்றார்.

"நெஜமா?"

"பத்துதான்மே. நான் பாத்துகினுதானே இருந்தேன்."

கன்னைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் பயந்துபோய் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எப்படிப் புரியும்? இந்த ஒரு வாக்கியம்தானடி. அன்று அத்தனை பேர் முன்னால், உன்னிடம் நான் கேட்டது இந்த ஒரே ஒரு வாக்கியம்தான்.